தண்ணீர் குடிக்காத அணி

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் கூடைப்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டைக்கு வெளியே பருத்திக் காட்டைச் சமன் செய்து கட்டிய கல்லூரி. கரிசல் மண் மழைக்குக் குழையும், வெயிலுக்கு வெடிக்கும் என்பதால் லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, உருளை ஓட்டி, எங்களுக்கென்று ஒரு களம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் பழகி, முந்தின வருஷம் போன இடமெல்லாம் தோற்றோம். அதைப் பற்றி எங்களுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. ஆட்டம் என்றால் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் பயணம், ஹோட்டலில் பூரி, மறுநாள் வகுப்புக்கு லீவு. அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

புதியவருக்கு முப்பது வயது இருக்கும். சென்னையில் படித்து, பெரிய அணிகளில் ஆடியவர் என்று முதல்வர் அறிமுகம் செய்தார். முதல் நாள் மாலை களத்தின் ஓரமாக நின்று பத்து நிமிஷம் நாங்கள் ஆடுவதைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் நாலு பேர் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போய் வேப்ப மரத்தடிப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம். அவர் விசில் ஊதவில்லை, திட்டவும் இல்லை. நேராகப் போய்ப் பானையைத் தூக்கினார். அப்படியே விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பூட்டினார். புதுத் தண்ணீர் மாற்றப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

"ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் தண்ணி குடிக்கக் கூடாது" என்றார் திரும்பி வந்து. "ஓடற உடம்புக்குத் தண்ணி ஆகாது. வயித்தைப் பிடிக்கும். காலைக் கனமாக்கும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்களும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அம்மா விடியுமுன்னே குடத்தோடு போய் நிற்பாள். தண்ணீர் இல்லை என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். தண்ணீர் இருக்கிறது, ஆனால் குடிக்காதே என்று ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டோம். அப்படி நம்பிய பயிற்சியாளர்கள் அந்தக் காலத்தில் பல ஊர்களில் இருந்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிய வந்தது.

அடுத்த அதிர்ச்சி ஒரு வாரத்தில் வந்தது. எங்கள் கேப்டன் மூன்றாம் ஆண்டு மாணவர், எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துப் பெரிய விவசாயக் குடும்பம், புல்லட்டில் வந்து இறங்குவார். இரண்டு நாள் கால் மணி நேரம் தாமதமாக வந்தார். மூன்றாம் நாள் வந்தபோது பயிற்சியாளர் அவரிடம், "நீ இனி கேப்டன் இல்லை. விளையாடணும்னா விளையாடு" என்றார், ஏதோ சட்டை பட்டன் கழன்றிருப்பதைச் சொல்வதுபோல. பிறகு எங்கள் வரிசையைப் பார்த்து, "நரிக்குடி, நீ வா முன்னாடி" என்றார்.

நரிக்குடி என்பது அவனுக்கு நாங்கள் வைத்த பெயர். அவன் என்னோடு இரண்டாம் ஆண்டில் படித்தான். நரிக்குடிப் பக்கம் மானாவாரி நிலமும் ஆடுகளும் வைத்திருந்த குடும்பம். ஹாஸ்டலில் தங்கியிருந்தான்; டவுனில் வீடு உள்ள என்னை 'டவுனு' என்றே கூப்பிடுவான். எங்களில் அவன்தான் உயரம். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் பந்தைக் கொடுப்பான். பந்து நம் கைக்கு வந்த பிறகுதான் அவன் நம்மை நினைத்திருந்தான் என்பதே தெரியும். அன்றைக்கு அவன் முன்னால் போகாமல் நின்றான். பழைய கேப்டனே அவன் முதுகில் கை வைத்துத் தள்ளி, "போ லே, கூப்பிடுறாருல்ல" என்றதும்தான் நகர்ந்தான். அதற்குப் பிறகு பயிற்சியாளர் எதைச் சொன்னாலும் அவனுக்கு அது வேதவாக்கு.

எனக்கு அவரை முதலில் பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருப்பதும் கஷ்டமாக இருந்தது. எங்களை ஓடச் சொன்னால் அவரும் கூட ஓடினார். எங்களுக்குத் தண்ணீர் இல்லாத நேரத்தில் அவரும் ஒரு சொட்டு குடித்ததில்லை. கரும்பலகையை மரத்தில் சாய்த்து வைத்து, ஐந்து பேரும் எப்படி இடம் மாற வேண்டும் என்று கோடு கோடாகப் போட்டுக் காட்டுவார். பந்தல்குடி ரோட்டில் லாரிகள் கிளப்பும் புழுதிக்குள் எங்களை ஓடவிட்டார். ஒரு மாதம் கூடையில் பந்து போடவே விடவில்லை. பாஸ், பாஸ், பாஸ் மட்டும்தான்.

ஆடி மாதக் கடைசியில் மதுரையில் முதல் ஆட்டம். முந்தின வருஷம் எங்களை ஓட ஓட விரட்டிய அணி. இடைவேளையில் புள்ளிப் பலகையைப் பார்த்துவிட்டு எங்கள் பையன் ஒருவன், "ஏலே, மாத்தி எழுதிட்டானுகளா?" என்று கேட்டான். மாற்றி எழுதவில்லை. நாங்கள்தான் முன்னால் இருந்தோம். கடைசி விசில் ஊதியபோது யாரும் குதிக்கவில்லை. ஜெயித்தவர்கள் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். எதிரணிப் பையன்கள் வந்து கை கொடுத்த பிறகுதான் நரிக்குடி சிரித்தான்.

அதன் பிறகு வரிசையாக ஜெயித்தோம். ஆவணியில் மண்டலப் போட்டியின் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். டீக்கடையில் முகம் தெரியாதவர்கள் எங்களுக்கு இடம் விட்டார்கள். தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் தலை தூக்காத என் அப்பா ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டுத் தெலுங்கில், அந்தக் கூடைக்கு அடியில் ஓட்டை ஏன் என்று கேட்டார்.

அரையிறுதி மதியம் மூன்று மணிக்கு என்று தகவல் வந்தது. பயிற்சியாளர் பயிற்சி நேரத்தை மாற்றினார். "மேட்ச் மூணு மணி வெயில்ல. அப்ப நாமும் மூணு மணி வெயில்லதான் ஆடிப் பழகணும்." அந்த வருஷம் ஆவணியில் மழை எட்டிப் பார்க்கவில்லை. களத்துச் செம்மண் ஷூவைத் தாண்டிச் சுட்டது.

அந்தச் சனிக்கிழமைப் பயிற்சி ஆட்டத்தில் நான் ஆடவில்லை. இரண்டு நாள் முன்பு கணுக்கால் பிசகியிருந்தது. பயிற்சியாளர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, நேரம் பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். கூடவே அந்த அறைச் சாவியையும். ஆட்டம் முடிந்ததும் நான் போய்ப் பானையை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். பந்து வெளியே போனது. எடுக்க வந்த நரிக்குடி என் முன்னால் நின்றான்.

"ஏலே டவுனு, ஒரு வாய் தண்ணி குடு."

நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கக் கூடைக்கு அடியில் யாருக்கோ எப்படி நிற்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். சாவி என் பையில் இருந்தது. அறை இருபதடி தூரம்.

"இன்னும் பத்து நிமிசந்தான்லே. பொறு. கேப்டனே கேட்டா எப்படி?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். அவன் முதுகில் சட்டை காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தார்கள். வேர்க்கவில்லையே, இவனுக்கு வெயில் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நிமிஷங்களில் அவன் ஆட்டம் மாறியது. யாருமே இல்லாத மூலைக்குப் பந்தை வீசினான். ஒருவனைப் பிடித்துத் தள்ளிவிட்டுச் சிரித்தான். பயிற்சியாளர், "எங்கப்பா உன் கவனம்?" என்று கத்தினார். நரிக்குடி பந்தை வாங்கி தன் பக்கக் கூடையை நோக்கியே ஓடினான். நாலைந்து எட்டு வைத்ததும் கால்கள் ஒன்றோடொன்று மாட்டின. கையை ஊன்றக்கூட இல்லை. முகம் தரையில் மோத விழுந்தான்.

எல்லோருக்கும் முன்னால் பயிற்சியாளர் ஓடினார். அவனைப் புரட்டிப் போட்டுத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார். பிறகு நானும் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் அப்படித்தான் இருக்கும்.

"தண்ணி! தண்ணி கொண்டா!"

அப்போது அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் நான் அசையவில்லை. அந்த அறையைத் திறக்கச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பழைய கேப்டன் வந்து என் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பானைத் தண்ணீர் முழுவதையும் அவன் மேல் ஊற்றினார்கள். ரோட்டில் போன லாரியை மறித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து வாடகைக் காரில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு. காரில் அவன் தலை பயிற்சியாளர் மடியில் இருந்தது. ஈரத்துண்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, காற்றில் குளிரவைத்து, அவன் நெற்றியில் போட்டுக்கொண்டே வந்தார்.

வெயில் தாக்கிச் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்றார் மருத்துவர். நாலு நாள் அவன் கண் திறக்கவில்லை.

விழுந்த மறுநாள் காலை அவனுடைய அய்யா வந்தார். மெலிந்த மனிதர், மஞ்சள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். வார்டு வாசலில் நாங்கள் நாலைந்து பேரும் பயிற்சியாளரும் நின்றிருந்தோம். மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "எம் மவனுக்கு என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்டார்.

பயிற்சியாளர் முன்னால் வந்தார். "நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறவன். வெயில்ல ஆட வெச்சேன். தண்ணி கொடுக்கல."

"காலேசுல தண்ணி இல்லையா?"

"இருந்தது."

"இருந்துமா?"

"குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

அவர் அடிக்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. சொன்னது புரியாதவர்போல எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆட்டைப் பத்திக்கிட்டுப் போனாக்கூட வெயில் ஏறுமுந்தி தண்ணி காட்டிருவோமேய்யா" என்றார். பிறகு, "அவன் கேட்டானா?" என்றார்.

"எங்கிட்ட கேக்கல" என்று சொல்லிவிட்டு பயிற்சியாளர் எங்களைப் பார்த்தார்.

நான் என் காலைப் பார்த்தேன். கணுக்காலில் கட்டு இருந்தது.

"அவென் அப்படித்தான்" என்று பெரியவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "வாயத் தொறந்து எதையும் கேக்க மாட்டான்."

பயிற்சியாளர் அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கிக்கொண்டு தினமும் வார்டுக்கு வந்தார். முதல் சில நாள் பெரியவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கட்டிலின் ஒரு பக்கம் அய்யா, மறுபக்கம் இவர், நடுவில் நரிக்குடியைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

அரையிறுதியில் ஆடலாமா வேண்டாமா என்று முதல்வர் எங்களிடமே விட்டுவிட்டார். பழைய கேப்டன், "போயிட்டு வந்துருவோம்" என்றார். போனோம். மோசமாகத் தோற்றோம். இடைவேளையில் எதிர்க் கல்லூரிக்காரர்கள் ஒரு வாளி நிறைய எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். எங்களில் ஒருவன் குடித்த வேகத்தில் அங்கேயே வாந்தி எடுத்தான். அந்த வருஷம் அதோடு முடிந்தது.

நரிக்குடியை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். தை மாதம் திருச்சுழி போய் அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். வேலிக் கருவை மர நிழலில் நார்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்த விதத்தைப் பார்த்து, குடித்திருக்கிறானோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். உடம்பு ஒரு பக்கமாகச் சாய, கால்களை அகட்டி வைத்து நின்றான். என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினான். அது நடுங்கி என்னைத் தாண்டிப் போனது. மறுபடி நீட்டிப் பிடித்தான்.

"வா... லே... டவுனு." ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது. அவன் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசுவதற்குத்தான் நேரம் எடுத்தது. பாடம் பற்றிக் கேட்டான். அணி பற்றிக் கேட்டான். பிறகு கேட்டான்:

"அன்னைக்கி நடந்தது எனக்கு ஒண்ணுமே நெனப்புல இல்ல. காலைல இட்லி தின்னதுதான் கடைசி. நான் தண்ணி கேட்டனா லே?"

"இல்ல" என்றேன். "கேக்கல."

யோசிக்கவே இல்லை நான். கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது.

அவன் தலையாட்டினான். "அப்ப என் தப்புதான். கேட்டிருக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் என்னைக் குற்றம் சொல்வான் என்று பயந்து போனவன் நான். அவன் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

படிப்பு முடிந்தது. விருதுநகரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருஷத்தில் அவனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஒருநாள் வெயிலில் விளையாடிவிட்டு வந்த மாணவன் ஒருவன், "சார், தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று வகுப்பு வாசலில் நின்றான். நான் பதில் சொல்லாமல் அவனையே பார்த்தபடி நின்றிருக்கிறேன். பையன் பயந்துபோய்த் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். அந்தச் சனிக்கிழமையே நரிக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

இந்தத் தடவை முன்னைவிட நன்றாக நடந்தான். ஆட்டுக்குட்டி ஒன்றைக் காலிடையில் இடுக்கி, காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். கை நடுங்கியதால் அது நேரமெடுத்தது. முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். என்ன கேட்டான், நான் என்ன பதில் சொன்னேன், சாவி எங்கே இருந்தது, நான் பொய் சொன்னது எல்லாவற்றையும். நின்றுகொண்டே சொன்னேன்.

அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன். அடிப்பான் என்றால் அடிக்கட்டும் என்று இருந்தது.

"நான் கேட்டனா?" என்றான்.

"கேட்டலே. ஒரு வாய் தண்ணி குடுன்னு கேட்ட."

அவன் எழுந்தான். ஆட்டுக்குட்டி துள்ளி ஓடியது. வீட்டுப் பக்கம் திரும்பி, "அய்யா! அய்யா! இங்கன வாங்க!" என்று கத்தினான். அவன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் பதறிப்போய் வெளியே ஓடி வந்தார்.

"நான் கேட்டிருக்கேன் அய்யா! ஒனக்கு வாயில்லையா வாயில்லையான்னு தெனமும் ஏசுனீகளே! கேட்டிருக்கேன். இவன்தான் குடுக்கல. இவன்கிட்டதான் சாவி இருந்திருக்கு!"

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மதுரையில் ஜெயித்த அன்று சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்னைக் கைகாட்டிக் காட்டி, "இவன்தான், இவன்தான்" என்றான், ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவனைக் காட்டுவதுபோல. நான் இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ விதமாக இந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்திருந்தேன். இப்படி நினைத்ததே இல்லை.

பெரியவர் சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தார். கிட்டே போய் அவன் தலையில் கை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி. கெளம்புங்க" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ரோட்டில் போய் நின்றேன். வெகுநேரம் கழித்து, தூரத்தில் அவன் சாய்ந்து சாய்ந்து வருவது தெரிந்தது. எதிர்கொண்டு போகலாமா என்று தயங்கி அங்கேயே நின்றேன். வந்து சேர்ந்தவனுக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்ச நாளைக்கி வராதலே" என்றான். "அய்யாவுக்குக் கோவம் ஆறணும். எனக்கும் இப்பதான் கோவம் வருது. வீட்டுல வரல. நடந்து வாரப்பதான் வந்துச்சு."

"சரி" என்றேன்.

"ஆறுனா நானே காயிதம் போடுறேன்."

ஆனால் சொல்லிவிட்டு அவன் திரும்பிப் போகவில்லை. பஸ் வரும்வரை என் பக்கத்தில் நின்றான்.

எட்டு மாதம் கழித்துப் பள்ளி முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. ஏறி இறங்கி, வரி தாண்டி ஓடும் எழுத்து. தங்கச்சிக்குக் கல்யாணம், பயிற்சியாளரும் வருகிறார், அவருக்குக் கடிதம் போட்டது அய்யாதான் என்று எழுதியிருந்தான். கடைசி வரியில், பந்தல் போட ஆள் போதாது, ஒருநாள் முந்தியே வந்துவிடு என்று இருந்தது. தலைமையாசிரியரிடம் போய் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.